பெரியசாமிக்குக் கொடுத்த ரீல்

பழவேற்காடு பஜாரில் ஃபர்ஹத்தின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வலைக்கயிறும் மிதவையும் ஈயக்குண்டும் விற்கிற கடை அது. மாமனார் வைத்தது. கணவர் ரியாசுதீன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்குப் போன பிறகு ஃபர்ஹத்தே கல்லாவில் உட்கார ஆரம்பித்தார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. இப்போது நாற்பத்தொன்று.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து தூண்டில் போட வருகிறவர்கள் பெருகினார்கள். பைக்கிலும் காரிலும் வருவார்கள், விதவிதமான சாமான்கள் கேட்பார்கள். ஒன்றும் கடையில் இருக்காது. இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஃபர்ஹத், ஒரு நாள் சென்னைக்குப் போய் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் நாலும், அதை மாட்டும் ராடு ஆறும் வாங்கி வந்து வலைக்கயிற்றுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒரே மாதத்தில் அத்தனையும் போயிற்று. அதன் பிறகு நிறுத்தவில்லை.

மதியம் ஆள் வராத நேரத்தில் போனில் வீடியோ பார்த்தே அவர் எல்லாம் கற்றுக்கொண்டார். எந்த ரீல் எத்தனை கிலோ மீனைத் தாங்கும், எதற்கு எவ்வளவு கனத்தில் நரம்பு சுற்ற வேண்டும், உப்புத் தண்ணீரில் எது துருப்பிடிக்கும் என்று கேட்டால் கடகடவென்று சொல்வார். சென்னைக்காரர்கள் அவரை ‘ரீல் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். “ரீல் விடாத ரீல் அக்கா” என்று ஒருவர் சொன்னதை ரியாசுதீன் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஃபர்ஹத்துக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் ஒரு நாள்கூடத் தண்ணீரில் தூண்டில் வீசியதில்லை அவர். அதை யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

பெரியசாமி முதலில் வந்தது போன வருடம் ஆவணியில், ஒரு புதன்கிழமை மதியம். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களில் ஒருவர். தோணிரேவுக்குப் போகும் வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது அவர்கள் குடியிருப்பு. காலையில் மீன் மார்க்கெட்டில் அவரையும் அவர் மனைவி குப்பம்மாளையும் ஃபர்ஹத் பார்த்திருக்கிறார். பெயர் தெரியாது. நாற்பத்தைந்து ஐம்பது வயது இருக்கும். பச்சைத் துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டு, படி ஏறாமல் ரோட்டிலேயே நின்றார்.

“பாயம்மா, பெரிய கொடுவாக்கு இன்னா ரீலு போடுவாங்க?”

யாரோ சென்னைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று ஃபர்ஹத் முடிவு செய்துவிட்டார். அப்படி நடப்பது உண்டு. முகத்துவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, புழுவுக்கும் தூண்டில் முள்ளுக்கும் உள்ளூர் ஆட்களை அனுப்புவார்கள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. பெரிய கொடுவா மீனுக்கு என்று சொல்லி வருகிற சென்னைக்காரர்கள் விரும்பி வாங்குவது பெய்ட் காஸ்டர் என்கிற ரீலை. ராடின் மேல்பக்கம் உட்காரும் சின்ன உருளை அது. அதைத்தான் எடுத்துக் காட்டினார்.

பெரியசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழகுவதற்குக் கஷ்டமாக இருக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தெரிந்தவர்களுக்குச் சுலபம் என்று சொல்லிவிட்டு ஃபர்ஹத் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார். பெரியசாமி இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பணத்தைப் படியின் மேல் வைத்தார். ரீலை ராடில் மாட்டி நீட்டியபோது ஃபர்ஹத் சொன்னார்:

“சாக்கிரதையா எடுத்துக்கினு போய் குடு. கீழ போட்டுடாத.”

பெரியசாமி ஒரு நிமிடம் நின்றார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. சொல்லாமல் போய்விட்டார்.

சனிக்கிழமை திரும்பி வந்தார். ரீலில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கிடந்தது. பெய்ட் காஸ்டரில் அது பெரிய தொல்லை. வீசியதும் உருளை தானாகச் சுழலும். நரம்பு வெளியே போகும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றால் எல்லாம் உள்ளேயே சுருண்டு சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க வீசுகிற கையின் கட்டை விரலை உருளையின் மேல் லேசாக வைத்து, வேகத்தை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உருளையை அவிழ்த்துவிடும் விசையையும் அதே கட்டை விரலால்தான் அமுக்க வேண்டும். ஃபர்ஹத் இதையெல்லாம் சொல்லி, உன்னை அனுப்பியவரிடம் இப்படிச் சொல் என்றார்.

“எனக்குத்தான் பாயம்மா வாங்குனேன்” என்றார் பெரியசாமி.

ஃபர்ஹத்துக்கு முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. சிக்கை வெட்டி எடுத்து, புது நரம்பு சுற்றி, கட்டை விரல் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லி அனுப்பினார். வேறு ரீல் மாற்றித் தரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பழகினால் வந்துவிடும் என்று நினைத்தார். இதற்குள் துண்டு சுற்றிய கையை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். ஏன் சுற்றியிருக்கிறார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அடுத்த வாரமும் பெரியசாமி சிக்கோடு வந்தார், அதே பேச்சு, அதே தலையாட்டல்.

நாலாவது தடவை வந்தது ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம். பெரம்பூரிலிருந்து வாரம் தவறாமல் வரும் சுரேஷும் அவர் நண்பர்கள் மூன்று பேரும் ரீல்களைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபர்ஹத் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். படிக்குக் கீழே வந்து நின்ற பெரியசாமியின் கையிலிருந்து சுரேஷ் ரீலை வாங்கிப் பார்த்துவிட்டு, குருவி முட்டை போட்டிருக்கிறதா பார் என்று நண்பரிடம் நீட்டினார். சிரித்தார்கள்.

தன்னிடம் வாங்கிய ரீல் இந்தக் கதியில் நாலு பேர் முன்னால் நிற்பது ஃபர்ஹத்துக்குப் பிடிக்கவில்லை. தப்பு தன் மேல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. குரலை உயர்த்தினார்.

“எத்தினி தபா சொல்றது உனக்கு? கட்ட வெரல அதும் மேல வைக்கணும். கட்ட வெரல் இருக்குதுல்ல? அத வச்சாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்.”

நண்பர்களில் ஒருவர் இன்னும் பலமாகச் சிரித்தார். சுரேஷ் ரீலைத் திருப்பி நீட்டினார். ராடு நீளமாக இருந்ததால் பெரியசாமி இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். வலது கையில் கட்டை விரல் இல்லை. அடிக்கணுவுக்குக் கொஞ்சம் மேலே மழுங்கி, பளபளவென்று தோல் மூடியிருந்தது.

சுரேஷ் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

“பழகிக்கிறேன் பாயம்மா” என்று சொல்லிவிட்டு, சிக்கை எடுத்துத் தரச் சொல்லாமலேயே பெரியசாமி நடந்தார்.

ஃபர்ஹத் கூப்பிடப் பார்த்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளில் அவர் பெயரைக் கேட்டதில்லை. “வா, போ” என்றே பேசியிருக்கிறார். “உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா, விடுங்க” என்று சுரேஷ் சொன்னார். நாலு நம்பர் முள் கேட்டவருக்கு ஏதோ ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி மதியத்துக்கு முன்பே கடையை மூடினார் ஃபர்ஹத்.

அன்று அஸர் தொழுகைக்கு ஒளு செய்யும்போது விரல்களுக்கு நடுவே தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கட்டை விரலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. ஆவணி வெயிலில் கையில் துண்டு. “போய் குடு” என்று சொன்னது. அதைக் கேட்டு அவர் நின்ற ஒரு நிமிடம். இருளர் ஒருவர் தன் பணத்தில் தனக்காக ரீல் வாங்குவார் என்பது தன் மனதில் வரவே இல்லை. மற்றவர்களிடம் “மேல வாங்க” என்று சொல்லும் வாய் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. மேலே வந்திருந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார். கை தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மீன் மார்க்கெட்டில் நண்டு வாங்கும்போது இந்திராணி என்கிற வியாபாரியிடம் மெதுவாக விசாரித்தார். பெயர் பெரியசாமி என்று தெரிந்தது. மிச்சத்தையும் இந்திராணியே சொன்னார். ஏரியில் இடுப்புத் தண்ணீரில் குனிந்து, பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் சேற்றுக்குள் கெளுத்தி முள் ஏறியது. ஒரு வாரம் அதோடேயே தண்ணீரில் இறங்கினார். சீழ் வைத்து, விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டை விரல் இல்லாத கையில் இறால் நிற்காது, வழுக்கிவிடும். அப்போதிலிருந்து குப்பம்மாள்தான் ஏரியில் இறங்குகிறார். பாலத்தில் நின்று தூண்டில்காரர்கள் கொடுவா தூக்குவதைப் பார்த்துவிட்டு, இதற்குச் சேற்றைத் தடவ வேண்டாமே என்று ஒரு வருடமாக அந்த ரீலுக்குச் சேர்த்து வைத்தாராம்.

அன்று ராத்திரி வேலை முடிந்து விடியற்காலையில் ரியாசுதீன் வீட்டுக்கு வந்ததும் ஃபர்ஹத் எல்லாவற்றையும் சொன்னார். ரியாசுதீன் நல்ல மனிதர். தெரியாமல் நடந்ததற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறாய், வேறு ரீலை மாற்றிக் கொடுத்துவிடு, முடிந்தது என்றார்.

“பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றார் ஃபர்ஹத். “எத மாத்திக் குடுக்கறது? அதுவும் எனக்குத் தெரியாது. நான் வீசிப் பாத்ததே இல்ல.”

ரியாசுதீன் டீயைக் குடித்து முடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மூன்று ரீல், இரண்டு ராடு, ஒரு இன்சுலேஷன் டேப். படகுத்துறைக்கு வடக்கே, ஆள் நடமாட்டம் குறைவான கரையில் போய் இறங்கினார்கள். ஃபர்ஹத் தன் வலது கட்டை விரலை உள்ளங்கையோடு மடக்கி டேப்பால் ஒட்டச் சொன்னார்.

முதலில் பெய்ட் காஸ்டர். விசையை இடது கையால் அமுக்கி வீசினார். ஈயம் காலடியிலேயே விழுந்தது, நரம்பு சிக்கியது. மறுபடி வீசினார், மறுபடி சிக்கியது. டேப்பைப் பிரித்துவிட்டு, முழுக் கையோடு வீசிப் பார்த்தார். அப்போதும் சிக்கியது. ஏழு வருடமாக நூறு பேருக்குப் பாடம் சொன்னவருக்கு, கட்டை விரல் இருந்தும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி மடவை வலை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பஜாரில் பார்க்கிற ரீல் அம்மா இவர்தானா என்று ஒருவர் கேட்டது காற்றில் வந்தது. ஃபர்ஹத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிக்கைப் பிரித்தார். ரியாசுதீன் டேப்பை மறுபடி ஒட்டினார்.

அடுத்தது ஸ்பின்னிங் ரீல். அது ராடுக்குக் கீழே தொங்கும். அதில் உருளை சுழலாது. கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை ஆள்காட்டி விரலில் பிடித்து, வீசும்போது விட்டால் போதும். நரம்பு வளையம் வளையமாகத் தானே கழன்று போகும். கட்டை விரலுக்கு அடக்கும் வேலையே இல்லை. இதையே முதல் நாள் கொடுத்திருக்கலாம். ஆனால் வலது கையில் பிடித்தால் ராடு நிற்கவில்லை. கட்டை விரல் இல்லாமல் பிடி திரும்பியது, ரீல் பக்கவாட்டில் சாய்ந்தது. பெரிய மீன் இழுத்தால் ராடே போய்விடும்.

இடது கைக்கு மாற்றினார். ஸ்பின்னிங் ரீலில் சுற்றும் பிடியை எந்தப் பக்கமும் மாட்டலாம் என்பது அவருக்குத் தெரியும், பலருக்குச் சொல்லியிருக்கிறார். அதை வலது பக்கம் மாற்றி, இடது கையால் ராடைப் பிடித்து, இடது ஆள்காட்டி விரலால் நரம்பை விட்டார். நாலாவது தடவை இருபது கஜத்துக்கு மேல் போய் விழுந்தது. சுற்றும்போது புதுத் தொல்லை. தட்டையான சின்னப் பிடி, கட்டை விரல் இல்லாத நாலு விரலில் நழுவியது. கடையிலிருந்த பழைய ரீல் ஒன்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையான ரப்பர் குமிழ் இருந்தது ஞாபகம் வந்தது. ரியாசுதீன் போய் அதைக் கழற்றி எடுத்துவந்து பொருத்தினார். நாலு விரலும் அதைக் கவ்விக்கொண்டன. பெரிய ரீல் கனத்தது, மணிக்கட்டு வலித்தது. நடுத்தர அளவே போதும் என்று முடிவு செய்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டேப்பைப் பிரித்ததும் விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஃபர்ஹத் அதைத் தேய்த்து விட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் தனியாகவே போனார். குடியிருப்பில் குப்பம்மாள் வாசலில் பறியின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் இல்லை, விறகுக்குப் போயிருக்கிறார், என்ன வேண்டும் என்று கேட்டார். ஃபர்ஹத் வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்து வந்ததை அப்படியே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் விரலைப் பற்றி அப்படிப் பேசிவிட்டேன், அவர்கள் சிரித்தார்கள், நான் தடுக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றார்.

குப்பம்மாள் கை நின்றது.

“சிரிச்சாங்களா?”

ஃபர்ஹத்துக்குப் புரியவில்லை.

“ரீலு கஷ்டமாக் கீது, இன்னும் பழகலன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. இத ஒண்ணும் சொல்லல.” குப்பம்மாள் பறியைக் கீழே வைத்தார். “அவரே சொல்லல. நீ ஏம்மா வந்து சொன்ன?”

தன் மனப்பாரத்தை இறக்கி வைக்க வந்து, அந்த மனிதர் வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மூடி வைத்திருந்ததை அவர் மனைவியின் முன்னால் திறந்து போட்டுவிட்டோம் என்று ஃபர்ஹத்துக்குத் தெரிந்தது. பின்னால் அந்த நிமிடத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஞாயிற்றுக்கிழமையைவிட அதுதான் தன்னை அதிகம் கூசவைக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை யோசிக்காமல் பேசியது. இது யோசித்து, நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது.

கொஞ்ச நேரத்தில் விறகுக் கட்டோடு பெரியசாமி வந்தார். வாசலில் ஃபர்ஹத்தைப் பார்த்ததும் கட்டை இறக்கிவிட்டுத் துண்டைக் கையில் சுற்றினார். குப்பம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனார்.

“அண்ணே, இத நீங்க வீசிப் பாருங்க” என்றார் ஃபர்ஹத்.

‘நீங்க’ என்றது யாரை என்று தேடுவதுபோல பெரியசாமி ஒரு தரம் பின்னால் பார்த்தார். பிறகு ரீலைப் பார்த்தார். குடியிருப்புக்குப் பின்னால் ஏரி முட்டளவுத் தண்ணீராகத் தொடங்குகிறது. அங்கே போனார்கள். ஃபர்ஹத் இடது கையால் ஒரு தடவை வீசிக் காட்டினார். சுமாராகத்தான் போயிற்று. தனக்கு இது நேற்றுத்தான் பழக்கம், இதற்கு முன் வீசியதே இல்லை என்று சொல்லிவிட்டார். பெரியசாமி துண்டை எடுத்துவிட்டு, உருண்டைக் குமிழை நாலு விரலால் பிடித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இடது கையால் வீசினார். முதல் இரண்டும் பக்கத்தில் விழுந்தன. மூன்றாவது, ஃபர்ஹத் வீசியதைவிடத் தூரம் போனது. பெரியசாமிக்குத் தண்ணீரில் எங்கே என்ன இருக்கும் என்று தெரியும். கை மட்டும் பழக வேண்டியிருந்தது.

எத்தனை கிலோ தாங்கும், உப்பு ஏறினால் எப்படிக் கழுவ வேண்டும், எண்ணெய் எங்கே விட வேண்டும் என்று கேட்டார். கேட்டதற்கெல்லாம் ஃபர்ஹத் சொன்னார். பெரியசாமி பழைய ரீலை வீட்டுக்குள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அதில் சிக்கு அப்படியே இருந்தது. கிளம்பும்போது ஃபர்ஹத் “அன்னிக்கு ஞாயித்துக்கெழம...” என்று ஆரம்பித்தார்.

“வெயில் ஏறுது பாயம்மா. பஸ்ஸு போயிடும்” என்றார் பெரியசாமி.

அதற்கு மேல் அவர் பேச விடவில்லை. ஃபர்ஹத் பழைய ரீலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு லைட் ஹவுஸுக்குப் போகும் பாலத்தில் பெரியசாமி தினமும் நிற்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரேஷ் கடைக்கு வந்து, அந்த ஆள் ஆறு கிலோ கொடுவா தூக்கினார் அக்கா, நாங்கள் நாலு பேர் நின்றோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று போட்டோ காட்டினார். பிறகு, அவர் வைத்திருக்கிற உருண்டைப் பிடி போட்ட ரீல் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அது அவர் கைக்குப் பொருத்தியது, உங்களுக்கு ஒத்துவராது என்றார் ஃபர்ஹத். சுரேஷ் விளையாட்டாக, என் கையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டினார். ஃபர்ஹத் சிரிக்காமல் அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். எந்தக் கையால் எழுதுவீர்கள், மணிக்கட்டு வலிக்குமா, எங்கே நின்று வீசுவீர்கள் என்று கேட்டார். சுரேஷுக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. பெய்ட் காஸ்டர் தனக்கு வீச வராது என்பதையும் ஃபர்ஹத் அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு சிலர் அவரிடம் யோசனை கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். வியாபாரம் முன்போல இல்லை, மோசமும் இல்லை.

பெரியசாமி கடைக்கு வரவில்லை. சில நாள் பஜார் வழியாக நடந்து போவார். ஃபர்ஹத் கல்லாவிலிருந்து எழுந்து படிவரை வந்து, “அண்ணே, மேல வாங்க” என்பார். வேலை இருக்கிறது என்று பெரியசாமி மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். குப்பம்மாள் மார்க்கெட்டில் ஃபர்ஹத்தைப் பார்த்தால் கூடையைச் சரிசெய்யக் குனிந்துகொள்வார்.

தை மாதம் ரியாசுதீன் பொன்னேரி பஸ் நிலையத்தில் பெரியசாமியைப் பார்த்தார். கையில் புது நரம்புச் சுருளும் முள் பாக்கெட்டும். ஃபர்ஹத் கடையில் விற்கிற அதே கனம், அதே நிறம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போய்வர ஒரு காலை நேரமே போய்விடும். ரியாசுதீன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது ஃபர்ஹத் மீனை அலசிக்கொண்டிருந்தார். நீ வேண்டுமானால் ஆள் விட்டுச் சொல்லேன், இங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி என்றார் ரியாசுதீன்.

“வேணாங்க” என்றார் ஃபர்ஹத். “அவர் இஷ்டம்.”